நிறுத்திவைத்த காரும் இறுகிய கைப்பிரேக்கும்

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் சங்கத்து அன்பர்கள் கூறும் குறைகளுள் ஒன்று, ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே சொற்களில் நம் காதுக்கு எட்டுகிறது. "புதுப் பாட்டரி போட்டோம், எஞ்சினும் உடனே ஓடிற்று, ஆனால் வண்டி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை" என்பதே அது. கைப்பிரேக்கை இறக்கிவிட்டாயிற்று. கியரும் விழுகிறது. ஆயினும் பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் வேர் ஊன்றியவைபோல் நிற்கின்றன. காரக்கோணம், குன்னத்துக்கால், வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்து அன்பர்களிடமிருந்தும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதியினரிடமிருந்தும் இக்குறை அதிகமாக வருவதில் வியப்பில்லை. இம்மாதம் இப்பகுதியில் இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

ஊரில் நிற்கும் அந்தக் கார் ஆடம்பரத்துக்காக நிற்பதன்று. பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் ஓர் அவசரம் நேர்ந்தால், பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பியேனும் புறப்பட ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணத்தினாலேயே அநேகர் அதனை விற்காமல் வைத்திருக்கின்றனர். காரக்கோணத்தில் டாக்டர் சாமர்வெல் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு அது சில நிமிஷப் பயணமே. ஆயினும் நெஞ்சு வலியோடு ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்க, முற்றத்தில் கார் உறுமிக்கொண்டே நிற்கும் இரவில் அந்தச் சில நிமிஷம் மிக நீண்டுவிடும். அத்தகைய நேரத்தில் காரோடு போராடுதல் கூடாது. 108 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் சொல்லவேண்டும். எல்லையின் இரு புறத்திலும் ஆம்புலன்ஸுக்கு அதுவே எண். வீட்டில் உள்ளோருக்கு இதனை முதலில் சொல்லி வையுங்கள்.

இனிப் பழுதின் காரணத்துக்கு வருவோம். பெரும்பாலும் அது விடுமுறையின் கடைசி நாளில்தான் தொடங்குகிறது. குடும்பம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் செல்கிறது. வழியனுப்ப வந்த மைத்துனரோ சித்தப்பா மகனோ காரைத் திருப்பி ஓட்டி வருகிறார். வழியில் மழை. வீடு சேர்ந்ததும், "அண்ணன் கார் அழுக்காக நிற்கக் கூடாது" என்று நன்றாகக் கழுவுகிறார். கழுவிய ஈரத்தோடு கொட்டகைக்குள் விடுகிறார். நகர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையால் கைப்பிரேக்கை முழுப் பலத்தோடு மேலே இழுக்கிறார். தூசி படாதிருக்க மேலே பிளாஸ்டிக் போர்வை ஒன்றையும் போர்த்தித் தரைமட்டம் வரை இறக்கிக் கட்டிவிடுகிறார். இவை ஒவ்வொன்றும் அன்பினால் செய்த காரியமே. ஆனால் இறுகிய பிரேக்குக்கு வேண்டிய ஈரம், அழுத்தம், காற்றோட்டமின்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே சேர்த்துக் கொடுத்து, பதினொரு மாதம் கெடுவும் வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

கைப்பிரேக் வேலை செய்யும் விதம் எளிது. ஓட்டுநர் பக்கத்து நெம்புகோலை மேலே இழுத்தால், அதனோடு இணைந்த உருக்குக் கயிறு, அதாவது கேபிள், காரின் அடிப்பக்கமாகச் சென்று பின்சக்கரங்களை எட்டி இழுக்கிறது. நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்கே. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம். அதற்குள் பிறைவடிவான இரண்டு ஷூக்கள் உள்ளன. அவற்றின் முதுகில் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். கேபிள் இழுக்கும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கின்றன. விட்டால் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

டிரம்மின் அந்த உட்சுவருக்குப் பெயிண்ட் கிடையாது, எண்ணெயும் கிடையாது, இருந்தால் பிரேக் பிடிக்காது. ஆகவே நனைந்த வார்ப்பிரும்பு ஒரே இரவில் செந்நிறத் துரு பிடிக்கிறது. ஓடும் காரில் அத்துரு முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்து போய்விடும். மாதக்கணக்கில் நிற்கும் காரிலோ, லைனிங் பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, துருவானது டிரம்மையும் லைனிங்கையும் பசைபோல் ஒட்டிவிடுகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு பிரேக் போடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சூட்டினால் சற்றே விரிந்திருந்த டிரம், ஆறும்போது சுருங்கி, ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும் ஷூக்களை மேலும் இறுகக் கவ்வுகிறது.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. உருக்குக் கயிறு ஓர் உறைக்குள் ஓடுகிறது. காரின் அடியில் கல்லடி பட்டோ வயதாகியோ அவ்வுறை வெடித்தால், நீர் உள்ளே இறங்கிக் கயிறு துருவேறிப் பருத்துவிடும். அப்பொழுது இழுக்கும் பலத்துக்கு அது அசைந்து கொடுக்கும். ஸ்பிரிங்கின் சிறு பலத்துக்குத் திரும்பிப் போகாது. நெம்புகோலை இறக்கும்போது, அது எதிர்ப்பு ஏதுமின்றி வெறுமனே தளர்ந்து விழுமானால், கேபிளில்தான் சிக்கல் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில், காலிப்பரில் உள்ள சிறு நெம்பு துருவேறி நின்றுவிடுவதும் உண்டு.

காரக்கோணத்துக் காற்றைப் பற்றி அங்குள்ளோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இடவப்பாதியில் தொடங்கும் மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலா மழை வந்துவிடும். திருவனந்தபுரத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,800 மில்லிமீட்டர். ரப்பர்த் தோட்டங்களின் நிழலும், பலா, தென்னையின் அடர்த்தியும் மழை விட்ட பின்னரும் முற்றத்தை உலர விடுவதில்லை. காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்க மழைத்துளிகூட வேண்டியதில்லை. அப்பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேலேயேதான். பூவாறு, பொழியூர்க் கடற்கரையும் அதிகத் தொலைவில் இல்லை. உப்புக் காற்று தன் பங்கைச் செய்யும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் என்று பிரிந்தது. அதன் பயனாக இன்று ஒரே குடும்பத்தில் அண்ணன் கார் கே.எல். 19 என்றும் தம்பி கார் டி.என். 75 என்றும் எண் தாங்கி நிற்கின்றன. துருவுக்கு அந்த வேற்றுமை கிடையாது.

"காரை நிறுத்தினால் கைப்பிரேக் போடவேண்டும் என்றுதானே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஆம், அது சரியே. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆளில்லாமல் விட்டுச் செல்லும் வண்டியின் எஞ்சினை நிறுத்தி நிறுத்தப் பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓட்டுநர் இன்றி நிற்கும் வண்டியில் பிரேக் போடப்பட்டிருத்தல் வேண்டும், அல்லது அது தானே நகராதபடி வேறு ஏற்பாடு செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் அரைமணி நேரம் நிற்கும் காருக்குக் கைப்பிரேக்கே முறை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. சொந்தக் கொட்டகையில், சமதரையில், பதினொரு மாதம் நிற்கப்போகும் காரின் கதை வேறு. நல்ல பழக்கம் ஒன்று இடம் மாறி நின்று தீங்கு செய்கிறது என்பதே நாம் சொல்ல வருவது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடந்தபோது, வாசலில் முடங்கிய கார்களுக்குக் கைப்பிரேக்கை விட்டுவிட்டுக் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைக்குமாறு கார்த் தயாரிப்பாளர்களே அறிவுரை கூறினர். அன்று அதனைப் படித்தவர்களுள் எத்தனை பேர் இன்று நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது ஐயமே.

சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நமக்குப் புதிதன்று. சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுவோரின் திறமை தெரியும். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் தள்ளப்படும் அந்தக் கட்டையே. தடை என்ற பொருளில் நாம் அன்றாடம் வழங்கும் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. காருக்கு அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. ஆப்பு வடிவில் செதுக்கிய நல்ல மரத்துண்டு நான்கு போதும். ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும், மறுபக்கத்துச் சக்கரம் ஒன்றுக்கு முன்னும் பின்னும் இறுக வைக்கவேண்டும். உருண்டைக் கல்லும், ஓட்டுத் துண்டும், காய்ந்த தேங்காயும் உதவா. உடையும் அல்லது உருளும். இவை மூன்றையும் நாம் கண்ணால் கண்டதுண்டு.

செய்யும் வரிசை முக்கியம். காரைச் சமதரையில் நிறுத்தி, கால் பிரேக்கை மிதித்தபடி கைப்பிரேக்கையும் போட்டுக்கொண்டு, எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் விட வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள வண்டியானால் 'பி' நிலை. பின்னர் இறங்கிக் கட்டைகளை வைக்க வேண்டும். அவை இறுகப் பொருந்தியதைக் கண்டபின்னரே மீண்டும் உள்ளே அமர்ந்து, காலைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு கைப்பிரேக்கை இறக்க வேண்டும். பிறகு காலை மெல்ல எடுத்து, கார் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்கும்போது இதனைத் தலைகீழாகச் செய்யவேண்டும்: முதலில் பிரேக், பிறகே கட்டை.

நிற்க. காரக்கோணத்தைச் சுற்றியுள்ள வீடுகள் அநேகம் செம்மண் மேட்டில் கட்டப்பட்டவை. சாலையிலிருந்து வாசல்வரை ஏற்றம். கொட்டகையும் அந்தச் சரிவிலேயே அமைந்திருக்கும். அத்தகைய இடத்துக்கு மேற்சொன்ன யோசனை பொருந்தாது. கியர் மட்டும் தாங்கும் என்று நம்பலாகாது. எஞ்சின் மெல்ல மெல்ல இடங்கொடுக்க, கார் அங்குலம் அங்குலமாக நகரும் சாத்தியம் உண்டு. முற்றத்தில் விளையாடும் குழந்தைகளை நினைத்தால், இறுகிய பிரேக் மிகச் சிறிய தொல்லை. சரிவில் நிற்கத்தான் வேண்டுமென்றால் கைப்பிரேக், கியர், கட்டை மூன்றும் இருக்கட்டும். அதற்கு ஈடாக வாரந்தோறும் ஒருவர் வந்து காரை எடுத்து ஓட்டட்டும். கொட்டகையின் தரையை ஒருமுறை செலவு செய்து சமப்படுத்திவிடுவது அதனினும் மேல். வீட்டுக்குக் கிரானைட் பதிக்கும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது.

கைப்பிரேக் போடாமல் விட்ட காரில் ஓர் அட்டை தொங்கவேண்டும். "கைப்பிரேக் போடவில்லை, கட்டையை எடுக்காதே" என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் மலையாளமே படித்த பிள்ளைகள்தாம் அங்கே சாவி வாங்கி வண்டி எடுப்பவர்கள். ஆகையால் மலையாளத்திலும் எழுதுக.

கிளம்புமுன் காரைக் கழுவுவதானால் முந்திய நாளே கழுவி, பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி, ஆளில்லாத இடத்தில் நாலைந்து முறை மெல்லப் பிரேக் பிடித்து உலர்த்திய பின்னரே கொட்டகையில் விடவேண்டும். போர்வை போடுவதானால் காற்றுப் புகும் துணிப்போர்வையே தக்கது. கூரை இருக்குமானால் போர்வையே வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை யாரேனும் காரை ஓட்டவேண்டும். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது பிரேக்குக்கு எவ்விதத்திலும் பயன் தராது. சக்கரம் சுழன்றால்தான் துரு தேயும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு மாதம் ஒரு தொகை பேசி, வெள்ளறடை வரையோ பாறசாலை வரையோ போய்வரச் சொல்லலாம். உறவினர் கூலி வாங்க மறுப்பார். மறுத்த பின் இரண்டு மாதத்தில் வருவதையும் நிறுத்திவிடுவார். கூலி கொடுத்துவிடுவதே நல்லது.

ஏற்கெனவே இறுகிவிட்ட காரை என் செய்வது? முதலில் அவசரத்தை விடவேண்டும். கைப்பிரேக்கை முழுதும் இறக்கி, எஞ்சினை ஓட்டி, முதல் கியரில் மெல்லக் கிளட்சை விட்டு முன்னுக்கு ஓர் உந்துதல், பிறகு ரிவர்சில் பின்னுக்கு ஓர் உந்துதல் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது; பூட்டு விடும்போது கார் துள்ளி நகரும். துரு ஒட்டு உடைந்தால் 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும். பெரும்பாலான கார்கள் இந்த அளவிலேயே விடுபட்டுவிடுகின்றன. நாலைந்து முறைக்கு மேல் முயலவேண்டாம். எஞ்சினை உறுமவிட்டு முயலவே வேண்டாம். கருகுவது கிளட்ச் தட்டு. அதன் விலை பிரேக் வேலையைக் காட்டிலும் பன்மடங்கு.

அதற்கும் அசையாவிடில் மெக்கானிக்கை அழைக்க வேண்டியதே. நம் பக்கத்து வழக்கம் வேறு. ரப்பர்த் தோட்டத்து ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டி ஓர் இழுப்பு. அவ்வாறு இழுத்தால் லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு டிரம்மைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். டிரம்முக்குள் எண்ணெயோ மண்ணெண்ணெயோ துருநீக்கும் ஸ்பிரேயோ விடுவது இன்னொரு விபரீதம். பூட்டுத் தாழ்ப்பாளுக்கு அது மருந்து. லைனிங் எண்ணெயைக் குடித்துவிட்டாலோ பிறகு பிரேக்கே பிடிக்காது. இறுகிய பிரேக்கோடு நிற்கும் கார் ஒருவரையும் கொல்லாது. பிரேக் இல்லாத கார் கொல்லும்.

தேர்ந்த மெக்கானிக் முதலில் கேபிளைத் தளர்த்துவார். பின்னர் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்திக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் மரச்சுத்தியலால் தட்டுவார். அதிர்வில் துரு விட்டுக்கொடுக்கும். இது வீட்டில் செய்யத்தக்க வேலைதான். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நீட்டலாகாது. உறுதியான தாங்கி வேண்டும். செம்மண் தரை மழையில் இளகி ஜாக்கியை விழுங்கும் இயல்புடையது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவும் கூடாது. பழைய கார்களின் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

விடுபட்ட கார் குணமாகிவிட்டது என்று உடனே குழித்துறைக்கோ நாகர்கோவிலுக்கோ புறப்பட்டுவிடக் கூடாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், புறங்கையை நீட்டிப் பாருங்கள். பின்சக்கரம் ஒன்று மட்டும் அனல் வீசினாலோ கருகிய நாற்றம் எழுந்தாலோ ஷூ இன்னும் உரசுகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் சூடு ஏறி, பிரேக் எண்ணெய் கொதித்து, கால் பிரேக்கும் கைவிடும், தீப்பற்றியதும் உண்டு. இரு பக்கமும் ஒருபோல் இருந்தாலும், அவ்வாரத்திலேயே டிரம்மைக் கழற்றித் துடைத்து, கேபிளையும் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

குளிர்நாடுகளில் வாழும் அன்பர்கள் இதே தொல்லையை வேறு வேஷத்தில் அறிவர். அங்கே கேபிள் உறைக்குள் புகுந்த நீரும் லைனிங்கில் தங்கிய நீரும் இரவில் உறைந்து பனிக்கட்டியாகிப் பூட்டிவிடுகின்றன. வெந்நீர் ஊற்றினால் விடும். ஊற்றிய நீரே மறுபடி உறைந்து மறுநாள் இருமடங்கு பிடிக்கும். எஞ்சின் சூட்டில் பொறுமையாகக் காத்திருப்பதும், கடுங்குளிர் எதிர்பார்க்கும் இரவில் சமதரையில் கியரோடு நிறுத்துவதும் அங்குள்ளோர் கைக்கொள்ளும் வழி.

புதிதாகக் கார் வாங்கிய அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. நெம்புகோலுக்குப் பதில் பொத்தான் உள்ள மின்சாரக் கைப்பிரேக்கை இழுப்பதும் விடுவதும் ஒரு சிறு மோட்டார். எஞ்சினை அணைத்ததும் அது பலவற்றில் தானே விழுந்துவிடும். மூன்று மாதத்தில் பாட்டரி இறங்கிவிட்டால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பிரேக் விடாது. தானே விழுவதை நிறுத்திவைக்கும் வழி அநேகமாகக் காரோடு தந்த கையேட்டில் இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்புமுன் அந்தப் பக்கத்தைப் படித்து, காரைக் கவனிப்பவர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டிவிடவும். நிற்கும் காரின் பாட்டரியைப் பற்றித் தனியே அடுத்த இதழில் எழுதுவோம்.